ஒரு ராத்திரி விட்டுச் சொல்றேன்

அந்த வருஷம் சந்தோஷத்தின் விலை நானூறு கழிவறைப் பீங்கான். அவள் பேரம்கூடப் பேசவில்லை. சொன்ன விலைக்கே போனில் முடித்துவிட்டாள். எல்லாம் ரோஸ் நிறம். எல்லாம் ஏற்கனவே பலபேர் உட்கார்ந்து எழுந்தவை. பாதிக்கு மேல் மூடி கிடையாது. லாரி லாரியாக வந்து இறங்கி, கடை முற்றம் நிறைந்து, நடைபாதை நிறைந்து, எதிர்க்கடை வாசலிலும் இரண்டு வரிசை நின்றது. எதிர்க்கடைக்காரர் ஒன்றின்மேல் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து பார்த்து, வசதியாகத்தான் இருக்கிறது, சினிமாக் கொட்டகை ஏதும் திறக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாங்கியவளுக்குத் தெருவில் சரவெடி என்று பேர். வாயைத் திறந்தால் கடைசி வெடிவரை வெடித்துத்தான் ஓயும் என்பதால் வந்த பேர். இடிக்கப்போகிற கட்டடங்களிலிருந்து கதவு, ஜன்னல், படிக்கட்டு, கைப்பிடி என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி வந்து விற்கிற தெரு அது. அப்பா விட்டுப்போன கடையை அவளும் அண்ணனும் சேர்ந்து நடத்தினார்கள். கணக்கு அண்ணனுக்கு, வாய் அவளுக்கு.

அந்தத் தொழிலுக்கு ஒரு முறை இருந்தது. ஒரு கட்டடம் இடிப்புக்கு வந்தால், இடிக்கிற காண்டிராக்டர் கடைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். சுற்றி முடித்து வாசல் கூடத்துக்கு வந்ததும் மொத்தத்துக்கும் ஒரே விலை சொல்ல வேண்டும். சொன்னது வாக்கு. எழுத்து கிடையாது, முன்பணம் கிடையாது, யோசித்துச் சொல்கிறேன் என்பதும் கிடையாது. யோசிக்கிறவன் வேறு தெருவுக்குப் போய் யோசிக்கலாம் என்பார்கள். இந்த முறைக்கென்றே பிறந்தவள் சரவெடி.

வருஷத்தில் சில வாரங்கள் அவளுக்குத் தூக்கம் தேவைப்படாது. கண் பளபளக்கும், நடை ஓட்டமாகும், ஒரே மூச்சில் மூன்று ஆட்களிடம் மூன்று பேரம் பேசி மூன்றையும் முடிப்பாள். அப்போது அவள் கையில் எடுத்த துருப்பிடித்த தாழ்ப்பாள்கூட அரண்மனையிலிருந்து வந்ததாக விலைபோகும். பிறகு ஒருநாள் எல்லாம் அணைந்துவிடும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால் வாரக்கணக்கில் எழுந்திருக்க மாட்டாள். தலை வாருவதே மலையேறுவது மாதிரி ஆகிவிடும். வேறு வீடாக இருந்தால் யாராவது பயந்திருப்பார்கள். இது வியாபாரிகள் வீடு. எழுந்து பறப்பதற்குச் சீசன் என்று பேர் வைத்தார்கள். படுத்துக் கிடப்பதற்கு ஆஃப் சீசன். சீசனுக்கென்றே அண்ணன் பெரிய கட்டடங்களை ஒதுக்கி வைத்திருந்து அவளைக் கூட்டிப்போவார். ஆஃப் சீசனில் அவள் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, விசாரிக்கிறவர்களிடம், தங்கச்சி ஸ்டாக் எடுக்கிறாள் என்று சொல்லிவிடுவார். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சரக்கு பறக்கிறதே என்று எந்த வியாபாரி டாக்டரைக் கூப்பிடுவான்?

போன ஆஃப் சீசன் நீண்டுகொண்டே போனதில் அவள் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் பயம் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவர். பேச்சு குறைவு, பார்வை அதிகம். பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த டாக்டர் சோகத்தைப் பார்த்தார், சோகத்துக்கு மாத்திரை எழுதினார். சில வாரங்களில் அவள் எழுந்தாள். எழுந்தவள் நிற்கவில்லை, பறந்தாள். பீங்கான்கள் வந்தது அப்போதுதான். அதே வாரம் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து பார்த்தால், அவர்கள் வீட்டுக்கு வாசல் கதவு இல்லை. நல்ல விலைக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன் என்றாள்.

அவர் வெறும் நிலைச்சட்டத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, மனநல மருத்துவமனை ஒன்று இருக்கிறது, அங்கே பழைய கதவுகள் நிறைய இருக்கின்றன, பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. கதவுகள் நிஜமாகவே நிறைய இருந்தன.

டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்ததும் சரவெடி பார்த்தது கதவைத்தான்: ஒட்டுப்பலகை, கீல் மட்டும்தான் தேறும். டாக்டரம்மா சோகத்தைப் பற்றிக் கேட்டார், கேட்டுக்கொண்டார். பிறகு இதுவரை ஒருவரும் கேட்காததைக் கேட்டார்.

"நல்லா இருக்கறப்ப எப்படி இருப்பீங்க?"

அவ்வளவுதான், திரி பற்றிக்கொண்டது. நிறங்கள் எப்படிக் கூர்மையாகும், ஒரு யோசனையின் வாலைப் பிடித்து அடுத்தது எப்படி வரும், தூங்குகிறவர்களைப் பார்த்தால் எப்படிப் பாவமாக இருக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவள் மூச்சு வாங்கிய இடங்களில், கதவு என்றதும் கூடவே வந்திருந்த அண்ணன் புகுந்துகொண்டார். சீசனில் என் தங்கச்சியைப் பார்க்க வேண்டும் டாக்டர், தின்பதில்லை, தூங்குவதில்லை, ஒரே வாரத்தில் மூன்று கட்டடம் முடித்தாள், ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி டிரைவருக்கே ஜன்னல் விற்றாள் என்று சரக்கைப் புகழ்கிற மாதிரிப் புகழ்ந்தார். அவர் புகழப் புகழ டாக்டரம்மா அத்தனையையும் அறிகுறி என்று கொள்முதல் செய்துகொண்டே போனார்.

சோக மாத்திரையை நிறுத்தச் சொன்னார், வேறு மாத்திரை கொடுத்தார், தைராய்டு ஏதும் விளையாடுகிறதா என்று ரத்தம் பார்க்கச் சொன்னார். அடுத்தடுத்த முறைகளில் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையிறங்கினாள். தைராய்டு சுத்தமாக இருந்தது. கடைசியில் ஒருநாள் டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இதுக்குப் பேரு பைபோலார். இருமுனைக் கோளாறுன்னும் சொல்லுவாங்க. நீங்க படுத்துக்கிடந்ததும் பறந்ததும் தனித்தனி இல்ல."

அண்ணன் முகம் சரக்கில் ஓட்டை என்று கேள்விப்பட்டவர் முகம் மாதிரி ஆனது. வீட்டுக்காரர் மெதுவாக மூச்சு விட்டார். சரவெடிக்கோ உள்ளே ஏதோ குதித்தது. அவர்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. இரட்டைக் கதவுகளில் சில ஜோடி பிரிந்துவிடும். ஒரு பக்கக் கதவு மட்டும் வருஷக்கணக்காகக் குடோனில் சாய்ந்து கிடக்கும். யாரும் வாங்க மாட்டார்கள், தூக்கி எறியவும் மனசு வராது. என்றைக்காவது வேறெங்கிருந்தோ வந்த சரக்கில் மற்றப் பக்கம் கிடைத்து, இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் மரத்தின் ரேகை ஓடிவந்து பொருந்தும். அன்றைக்குக் கடையில் எல்லோரும் கை தட்டுவார்கள்.

"ரெண்டும் ஒரே நிலையில மாட்டுற கதவா டாக்டர்?" என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. "ஐயோ, இத்தனை நாளா ஒண்ணை வித்துக்கிட்டு, இன்னொண்ணை ஒளிச்சு வெச்சுக்கிட்டு இருந்தோமே."

சோம்பேறி என்றும் கெட்டிக்காரி என்றும், திமிர் என்றும் தெய்வ வரம் என்றும் ஆளுக்கொரு சீட்டு அவள்மேல் ஒட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் கிழித்துப்போட ஒரே ஒரு பேர் போதுமாக இருந்தது. இந்தப் பேரை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று கேட்டாள். நிறைய பேர் என்றார் டாக்டரம்மா. அது அவளுக்கு இன்னும் உற்சாகமாக இருந்தது. அப்படியானால் இது தெரிந்த சரக்கு, பழகிய சந்தை, விலை விசாரிக்க ஆள் இருக்கிறது.

விலை விசாரிப்பதை அண்ணன் உடனே ஆரம்பித்தார். மாத்திரை எவ்வளவு காலத்துக்கு என்றார். நீண்ட காலத்துக்கு என்றார் டாக்டரம்மா. நீண்ட காலம் என்றால் எல்லை சொல்லுங்கள் என்றார் அண்ணன். பலருக்கு ஆயுள் முழுக்க என்றார் டாக்டரம்மா. அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மூணு வருஷம்னு முடிச்சுக்கலாமே டாக்டர். நாங்களும் உங்களுக்குப் பழக்கப்பட்டவங்கதான்."

"அந்தப் பக்கம் நான் இறங்கறதில்ல. வேற எதுலயாவது கேளுங்க, குறைச்சுத் தரேன்."

டாக்டரம்மாவின் தாத்தாவும் எங்கேயோ கடை வைத்திருந்திருக்க வேண்டும். மாத்திரையின் அளவு பிடிக்காவிட்டால் மாற்றலாம், கை நடுங்கினால் சொல்லலாம், இந்த மருந்தே ஒத்துவராவிட்டால் வேறு மருந்து இருக்கிறது என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். ஆனால் இந்த லித்தியம் மாத்திரையை எடுத்துக்கொள்கிறவர் மாதா மாதம் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும், நிலையாக நின்றபிறகுதான் இடைவெளி விடலாம், தூக்கத்துக்கு நேரம் தவறக்கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது என்ற இடத்தில் அசையவில்லை. கடைசியாக ஒன்று கேட்டார். பெரிய கொள்முதல் எதுவானாலும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து விலை சொல்ல வேண்டும். அதை வீட்டில் மூன்று பேரும் காப்பாற்றிக் கொடுக்க வேண்டும்.

அண்ணன் எழுந்தே விட்டார். எங்கள் தெருவில் ராத்திரி கேட்டவன் மறுநாள் தெருவிலேயே இருக்க மாட்டான் என்றார். சீசனையே நிறுத்திவிட்டால் கடை எதில் ஓடும் என்றும் ஒன்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள வழியில்லாமல் ஜன்னலைப் பார்த்து நின்றார். கடைசியில் ஜன்னலைப் பார்த்தபடியே, சரி, ஒரு ராத்திரி என்று தலையாட்டினார்.

சரவெடிக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான் வேறு உருவத்தில் இருந்தது. "என் வாய் போயிடுமா டாக்டர்?" என்றாள். அறைக்குள் வந்ததிலிருந்து அவள் மெல்லப் பேசியது அப்போதுதான்.

"தெரியாது. போகக்கூடாதுன்னுதான் நானும் பாக்கறேன். மந்தமா இருந்தா வந்து என்கிட்ட சண்டை போடுங்க."

சண்டை போடப் போனாள். முதல் வாரங்களில் வார்த்தைகள் பென்ஷன் வரிசையில் நிற்கிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, தள்ளாடித் தள்ளாடி வந்தன. தாகம் தீரவில்லை, டீக்கோப்பை தட்டில் தாளம் போட்டது. டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்து அளவைக் கொஞ்சம் குறைத்தார். தாளம் பாதியாகக் குறைந்தது. பேச்சு திரும்பியது, தாழ்ப்பாள் விற்கிற அளவுக்குத் திரும்பியது. ஆனால் தாழ்ப்பாள் விற்பது வேறு, கூடத்தில் நின்று ஒரு கட்டடத்தையே பேசி முடிப்பது வேறு. அது இருக்கிறதா, போய்விட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

நூலகத்து மாடியில் வாரம் ஒருநாள் இதே வியாதிக்காரர்கள் கூடுவார்கள் என்று டாக்டரம்மா அனுப்பியிருந்தார். அழுமூஞ்சிக் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துப் போனவள் முதல் நாளே வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்தாள். நானூறு பீங்கானைச் சொன்னதும், இவ்வளவுதானா என்று ஒருவர் ஏழு பியானோ வாங்கிய கதையை எடுத்தார். அவருக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. அங்கேதான் பஸ்ஸம்மா சிநேகிதமானார். பஸ் ஓட்டுகிறவர், ஒருதடவை சொந்த புத்தியில் மாத்திரையை நிறுத்திவிட்டு, டிப்போவுக்குப் போக வேண்டிய காலி பஸ்ஸைக் கடல் பார்க்க ஓட்டிக்கொண்டு போனவர். திரும்ப ஸ்டியரிங்கைத் தொட இரண்டு வருஷம் ஆனது என்று சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

பழைய நீதிமன்றம் இடிப்புக்கு வருகிறது என்று தெருவில் சேதி பரவிய அன்று, சரவெடி அந்தப் பஸ்ஸம்மாவிடம்தான் போய்ச் சொன்னாள். ஊரிலேயே உயரமான தேக்குக் கதவுகள். வண்ணக் கண்ணாடி பதித்த ஜன்னல்கள். பத்து வருஷத்துக்கு ஒருதடவை வருகிற சரக்கு. அதை மட்டும் சொல்லவில்லை. தனக்குள் போட்டுக்கொண்ட ஒரு பந்தயத்தையும் சொன்னாள். இந்த ஒரு கட்டடத்தைப் பேசிப் பார்க்கப் போகிறாள். பேச்சு வந்தால் மாத்திரை இருக்கட்டும். வராவிட்டால், வாயில்லாமல் அவள் யார்? மாத்திரை சாக்கடைக்குப் போகும்.

பஸ்ஸம்மா உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒன்றுதான் கேட்டார். "நீ கட்டடம் வாங்கப் போறியா, இல்ல மாத்திரையை நிறுத்தச் சாக்கு வாங்கப் போறியா?"

போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றாள் சரவெடி. தெரியாமலேயே போனாள்.

நீதிமன்றத்துக் கூடத்தில் தெருவே கூடியிருந்தது. காண்டிராக்டருக்குச் சுத்தியல் என்று பேர். தொழிலுக்கும் தலைக்கும் சேர்த்து வைத்த பேர். எதிராளிகளில் முக்கியமானவர் கோந்து. ஒரு சரக்கில் ஒட்டிக்கொண்டால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். எல்லோரும் ஒரு சுற்று சுற்றினார்கள். சாட்சிக் கூண்டைத் தட்டிப் பார்த்தார்கள், நீதிபதி உள்ளே வரும் கதவைத் திறந்து மூடினார்கள். சரவெடி தண்ணீர் பாட்டிலும் கையுமாக நடந்தாள். கூடத்துக்கு வந்து எல்லோரும் வட்டமாக நின்றதும் சுத்தியல் அவளைத்தான் பார்த்தார்.

"சரவெடி, நீயே ஆரம்பி. நான் தொண்ணூறு எதிர்பாக்கறேன்." அந்தத் தொழிலில் பூஜ்யங்களை வாயால் சொல்வதில்லை, அவரவர் மனசில் போட்டுக்கொள்ள வேண்டியது.

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

முன்பெல்லாம் இந்த இடத்தில் அவள் யோசிக்கவே மாட்டாள். பேச்சு அவளை இழுத்துக்கொண்டு போகும். இப்போது உள்ளே கையை விட்டுத் துழாவினாள். தொண்ணூறா என்று ஆரம்பிப்பதா, கீலைச் சொல்லி ஆரம்பிப்பதா, வண்டிக்கூலியா? எதுவும் கையில் சிக்கவில்லை. கண் மட்டும் எதிரே இருந்த பெரிய கதவின் கீழ்ச்சட்டத்தில் நிலைகுத்தி நின்றது. கூடம் அமைதியானது. போச்சு, எல்லாம் போச்சு என்று அவளுக்குக் காதுக்குள் இரைந்தது.

சுத்தியல் அவள் பார்த்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். சரவெடி பேசாமல் நிற்பதை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

"என்ன, கரையான் ஏதும் தெரியுதா?" என்றார்.

அவள் இன்னும் வார்த்தையைத் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

"எண்பத்தஞ்சுன்னு வெச்சுக்கோயேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் ஒரு சொல் சொல்லவில்லை, அஞ்சு இறங்கியிருக்கிறது. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. அதை அப்படியே அமுக்கிக்கொண்டு வாயை மூடினாள். குனிந்து கீழ்ச்சட்டத்தை விரலால் ஒருதடவை தட்டினாள். நிமிர்ந்து பெருமூச்சு விட்டாள். முதல் மௌனம் மாத்திரையுடையது. இரண்டாவது மௌனம் முழுக்க முழுக்க அவளுடையது. அதற்கு ஏழு இறங்கியது.

அதன்பிறகு வாய் திறந்தது. பழைய வேகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வெடியும் எங்கே வெடிக்க வேண்டுமோ அங்கே வெடித்தது. நீதிபதியின் கதவு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, தீர்ப்பு கேட்டுக் கேட்டு அதற்கே வெறுத்துவிட்டது என்றாள். வண்ணக் கண்ணாடியில் எத்தனை கட்டம் காலி என்று எண்ணிக் காட்டினாள். இவ்வளவு உயரக் கதவை மாட்ட வேண்டுமானால் வாங்குகிறவன் முதலில் ஒட்டகச்சிவிங்கி வளர்க்க வேண்டும் என்றாள். கூடமே சிரித்தது; கோந்துகூடச் சிரித்துவிட்டு உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுபதுக்கு வந்து நின்றது.

எழுபது! கடையில் நிறுத்தினால் இரட்டிப்பு. இருக்கிறது, என் வாய் இருக்கிறது என்று அவளுக்குக் கூவ வேண்டும் போலிருந்தது. ரத்தம் காதுவரை பாய்ந்தது. ஜன்னல்களில் வெயில் ஏறி, தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கொட்டிக் கிடந்தது. எவ்வளவு பளபளப்பு! அந்த இடத்தில்தான் அவளுக்கு வேர்த்தது. இந்தப் பளபளப்பு கண்ணாடியுடையதா, தன்னுடையதா? ரோஸ் பீங்கான்கள்கூட அன்றைக்கு இப்படித்தான் மின்னின. இது சந்தோஷமா, சீசனா? உள்ளே நின்றுகொண்டு பார்க்கிறவளுக்கு இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன.

அண்ணன் காதருகே குனிந்தார். "சொல்லிடு பாப்பா. எழுபது தங்கம்."

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். டாக்டர் முன்னால் தலையாட்டிவிட்டு வந்த அதே அண்ணன்தான். அவர் கண்ணிலும் அதே பளபளப்பு. அவருக்கு எந்த வியாதியும் கிடையாது, வெறும் வியாபாரம்.

"ஒரு ராத்திரி விட்டுச் சொல்றேன்," என்றாள் சுத்தியலிடம்.

கூடத்தில் யாரோ இருமினார்கள். ராத்திரியா, என்ன, கல்யாணத்துக்கா பார்க்கிறோம் என்று கோந்து கேட்க, சிலர் சிரித்தார்கள். சுத்தியலுக்கு முகம் சிவந்தது. அவர் சரக்கின்முன் இதுவரை யாரும் ராத்திரி கேட்டதில்லை. ஆனால் உள்ளே பயமும் புகுந்திருக்க வேண்டும். இன்றைக்கே முடித்தால் அறுபத்தெட்டு என்றார். அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினார்.

"நாளைக்குக் காலைல வரேன் அண்ணாச்சி."

"நாளைக்கு வரைக்கும் சரக்கு நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம்," என்று அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். ஒரே மடக்கில் பாதியைக் குடித்தாள். தாகம் மாத்திரையுடையதா, ஆசையுடையதா என்று ஆராய அவளுக்குத் தெம்பு இல்லை.

வீடுவரை அண்ணன் எழுபது, அறுபத்தெட்டு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வீட்டில் புதிதாக மாட்டியிருந்த கதவைத் திறந்துகொண்டு நேராக வீட்டுக்காரரிடம் போய் நின்றாள்.

"என்னங்க, என்னை நல்லாப் பாருங்க. நான் பறக்கறேனா?"

அவர் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தார். அன்று நடந்ததையெல்லாம் சொல்லச் சொன்னார். நடுநடுவே மறித்துக் கேள்வி கேட்டார். அவள் நின்று பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"கையை வீசி வீசிப் பேசறே. ஆனா நான் கேக்கறது உன் காதுல விழுது. பறக்கறப்ப விழாது," என்றார்.

அவள் சாப்பிட்டாள், மாத்திரை போட்டாள், படுத்தாள். கொஞ்ச நேரம் கதவுகள் ஒவ்வொன்றாக வந்து திறந்து திறந்து மூடின. பிறகு அவையும் சாத்திக்கொண்டன.

காலையில் கண் விழித்ததும் நீதிமன்றம் அப்படியே மனசில் நின்றது. பெரிதாகவும் ஆகவில்லை, சிறிதாகவும் ஆகவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கியும் கரையாமல் நேற்றைய விலையிலேயே நின்றது ஆசை. இது சீசன் இல்லை என்று அவளுக்குப் புரிந்தபோது படுக்கையிலேயே எழுந்து உட்கார்ந்து கையைத் தட்டினாள். தனக்கென்று, கலப்படமில்லாமல், ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது. மாத்திரை அதைத் தொடவே இல்லை. தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடினாள். லாரியை எடுக்கச் சொல்லி அண்ணனை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

நீதிமன்றத்துக்குக் கதவுகள் இல்லை. வாசல்கள் எல்லாம் பல் விழுந்த வாய்களாகத் திறந்து கிடந்தன. நேற்று சாயங்காலமே கோந்து வந்து, முறைக்கு மாறாகக் கதவுகளை மட்டும் ஐம்பதுக்குப் பேசி, ரொக்கம் கொடுத்து, இருட்டுவதற்குள் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் நிலைச்சட்டத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

சரவெடி வெறும் வாசலைப் பார்த்தாள். வலித்தது; வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு மேலே பார்த்தாள். ஜன்னல்கள் இருந்தன. ஜன்னல் கோந்துக்குப் பிடிக்காது. கண்ணாடி உடைந்தால் நஷ்டம் என்று தொடமாட்டார். சுத்தியல் பீடியை மிதித்துவிட்டு வந்து, சங்கடத்தை மறைக்கக் குரலை உயர்த்தி, ஜன்னலுக்கு முப்பது என்றார்.

இந்தமுறை வார்த்தையைத் தேட வேண்டியிருக்கவில்லை. கதவில்லாத கட்டடத்துக்குக் காவல் போட உங்களுக்கு ஆகிற கூலியைக் கழியுங்கள் என்று ஆரம்பித்தாள். ராத்திரி கேட்டுவிட்டுப் போனவள் முதுகுக்குப் பின்னால் விற்றதற்குத் தெருவில் என்ன பேசுவார்கள் என்பதற்கு ஒரு தொகை கழித்தாள். வாக்கே கொடுக்காதவளுக்கு இவ்வளவு கோபமா என்றார் சுத்தியல். வாக்கு கொடுத்திருந்தால் கோபம் வராது, வக்கீல்தான் வருவார், கூண்டுகூட இங்கேயே இருக்கிறது என்றாள் அவள். இருபத்தைந்து, இருபது, பதினெட்டு என்று இறங்கி இறங்கி, சுத்தியல் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உனக்கு உடம்பு சரியில்லைன்னாங்களே."

தெருவுக்கே தெரிந்துதான் இருந்தது. அண்ணன் சட்டென்று தலை தூக்கினார். சரவெடி அசையவில்லை.

"சரியில்லதான் அண்ணாச்சி, பைபோலார். மருந்து சாப்பிடறேன். அதான் இவ்வளவோட விடறேன்."

சுத்தியல் அவளையே பார்த்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்த சிரிப்பில் மாடப்புறாக்கள் பறந்தன. பதினைந்துக்கு முடிந்தது. ஒரு ராத்திரி விட்டுச் சொல்ல வேண்டிய அளவு பெரிய கொள்முதல் அது இல்லை என்று அவளும் வீட்டுக்காரரும் போனில் பேசி ஒத்துக்கொண்டபிறகுதான் முடிந்தது.

ஜன்னல்களைச் சாக்கில் பொதிந்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பஸ்ஸம்மா போனில் கூப்பிட்டார். அவர் வண்டி ஏதோ சிக்னலில் நின்றிருந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின.

"கட்டடம் கிடைச்சுதா?"

"பாதி."

"மாத்திரை?"

"முழுசா," என்றாள் சரவெடி. பஸ்ஸம்மா பதிலுக்கு ஹாரனை நீளமாக ஒருதடவை அடித்துவிட்டு வைத்தார்.

லாரி கிளம்பியது. அண்ணன் ஓட்டிக்கொண்டே பின்கண்ணாடியில் சாக்கு மூட்டைகளை எண்ணினார். பிறகு, நேற்றே சொல்லியிருந்தால் கதவும் நம்முடையதுதான் என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"ஆமா, வந்திருக்கும்," என்றாள் அவள். "ஆனா நேத்து சொல்லிடுன்னு சொன்னது யாரு? டாக்டர்கிட்ட தலையாட்டினது யாரு? அதுக்கு என்ன தரே?"

அண்ணன் கியரை மாற்றினார். நாக்கு வரைக்கும் வந்த சமாதானங்களை ஒவ்வொன்றாக விழுங்குவது தெரிந்தது. "தப்புதான் பாப்பா," என்றார். "என்ன வேணும், கேளு."

"மாசா மாசம் ரத்தம் குடுக்கப் போறேன்ல. கூட வா. ஒரு வருஷம்."

லாரி ஒருதடவை குலுங்கியது. அண்ணனுக்கு ஊசி என்றால் ஆகாது. தன் மகளுக்குத் தடுப்பூசி போட்டபோது குழந்தை சிரித்துக்கொண்டிருக்க, இவர் மயங்கி விழுந்து நர்ஸ்களுக்கு வேலை வைத்தவர்.

"ரெண்டு மாசம்," என்றார்.

"பத்து."

"நான் வாசல்ல நிக்கறேன், மூணு."

"உள்ள வந்து கையைப் பிடிச்சுக்கணும். எட்டு."

"கண்ணை மூடிக்குவேன். அஞ்சு."

"கண்ணை மூடிக்கோ. ஆறு. அதுக்குக் கீழ நான் இறங்கறதில்ல."

அண்ணன் அவளைப் பார்த்தார். பின்னால் கண்ணாடிகள் சாக்குக்குள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. "ஆறு," என்றார். சொன்னால் வாக்கு.

அவள் முன்கண்ணாடியில் படிந்திருந்த புழுதியில் விரலால் எழுத ஆரம்பித்தாள். கதவு, போனது. ஜன்னல், பதினைந்துக்கு வரவு. வண்டிக்கூலி, சொந்த லாரி, இல்லை. அண்ணன் பேரில் ஆறு ஊசி, பாக்கி.